தோப்பு அப்பாவுடையது, மகள் யாருடையவள்?

கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணம் பக்கத்து ஊரிலிருந்து 23 வயதுப் பெண் ஒருவர் கேட்டிருக்கிறார். பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, அப்பா போகக் கூடாது என்கிறார். "மீறிப் போனால் தோப்பில் ஒரு மரம்கூட உனக்குக் கிடையாது. பெற்று வளர்த்து ஆளாக்கியவன் நான்" என்பது அப்பாவின் பேச்சு. மூன்று ஏக்கர் மாந்தோப்பு. இரண்டு ஏக்கர் தாத்தா வழியில் வந்தது, ஒன்று அப்பா வாங்கியது. போட்டித் தேர்வுக்காக 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் லாக்கைப் படித்த இவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. லாக் சொல்வதுபோல் உழைப்பைக் கலந்தவனுக்கே பொருள் சொந்தம் என்றால், அப்பா உழைத்த தோப்பு அப்பாவுக்குச் சொந்தம். அப்படியானால் அப்பா உழைத்து வளர்த்த நானும் அவருக்குச் சொந்தம் என்றுதானே ஆகும்?

நல்ல கேள்வி அம்மா. தர்மபுரி மாவட்டத்தில் முப்பது ஆண்டு அரசியல் சிந்தனை பாடம் நடத்தியிருக்கிறேன். வகுப்பில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. அமெரிக்கச் சிந்தனையாளர் ராபர்ட் நோசிக் 1974இல் இதே இடத்தில்தான் லாக்கை மடக்கினார். அதனால் உங்கள் சந்தேகத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோப்பின்மேல் உங்கள் அப்பாவுக்கு உரிமை உண்டு, அது முழு உரிமையா என்பதைப் பத்திரம் சொல்லும். உங்கள்மேல் அவருக்கு இருந்தது பொறுப்பு, அது உங்கள் பதினெட்டாவது வயதில் நிறைவேறிவிட்டது. இரண்டும் தனித்தனிச் சங்கதிகள். தோப்பைக் காட்டி உங்களைக் கட்டிவைப்பதில்தான் தவறு நடக்கிறது.

லாக் யாரை எதிர்த்து எழுதினார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1653இல் இறந்த ராபர்ட் ஃபில்மர் என்ற ஆங்கிலேய நிலக்கிழார் எழுதி வைத்திருந்த நூல் 1680இல் அச்சேறியது. கடவுள் ஆதாமுக்குப் பூமியையும் கொடுத்தார், பிள்ளைகள்மேல் ஆட்சியையும் கொடுத்தார், மன்னர்கள் அந்தத் தகப்பன் அதிகாரத்தின் வாரிசுகள் என்பது அவர் வாதம். தகப்பன், உடைமைக்காரன், அரசன் ஆகிய மூன்று பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டார். "என் தோப்பு, என் மகள், என் பேச்சு" என்று உங்கள் அப்பா ஒரே மூச்சில் சொல்வதும் அதுவேதான். அந்த மூன்றையும் பிரித்துக் காட்டத்தான் லாக் 1689இல் வெளிவந்த, ஆட்சி பற்றிய தன் இரண்டு ஆய்வுரைகளை எழுதினார். பாடப்புத்தகங்கள் இரண்டாவதைத்தான் சொல்லித் தருகின்றன. உங்கள் கேள்விக்கான பதில் முதலாவதில் இருக்கிறது.

பெற்றதனால் பிள்ளை சொந்தம் என்கிறவரிடம் லாக் கேட்பது இதுதான். பிள்ளையின் உடம்பில் எத்தனை உறுப்புகள், ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது என்று உனக்குத் தெரியுமா? கெட்டுப்போனால் உன்னால் சரிசெய்ய முடியுமா? முடியாதென்றால் நீ எப்படி அதைச் செய்தவன் ஆவாய்? கலப்பையைச் செய்த ஆசாரிக்குக் கலப்பையின் ஒவ்வொரு மூட்டும் தெரியும், தகப்பனுக்குப் பிள்ளையின் ஒரு நரம்பும் தெரியாது. அதோடு இன்னொன்றையும் சேர்க்கிறார்: பிள்ளையை உருவாக்கியதில் தாய்க்குக் குறைந்தது சம பங்கு, இல்லையென்றால் கூடுதல் பங்கு. உங்கள் அப்பாவின் வாக்கியத்தில் அம்மா எங்கே இருக்கிறார் என்று பாருங்கள்.

லாக்கின் பதில் கடவுளில் போய் நிற்கிறது. கடவுளே படைத்தவர், ஆகவே பிள்ளை அவருடைய ஆக்கம் என்கிறார். நம்பிக்கை இல்லாதவருக்கு இது போதாது. நோசிக்குக்கும் போதவில்லை. எனக்கு நிறைவு தந்தவர் ஜெர்மன் தத்துவஞானி கான்ட். ஒரு மனித உயிரை அதன் சம்மதம் கேட்காமல் உலகத்துக்குக் கொண்டுவருகிறோம், அந்தச் செயலினாலேயே அதை வளர்க்கும் கடமை நம்மேல் விழுகிறது என்று 1797இல் எழுதினார். பிள்ளை பெற்றோருக்குக் கடன்பட்டுப் பிறப்பதில்லை, பெற்றோர்தான் பிள்ளைக்குக் கடன்படுகிறார்கள். அதே நாட்டுத் தத்துவஞானி ஹெகல் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: பிள்ளைகள் பொருள்கள் அல்லர், பெற்றோருக்கோ மற்றவருக்கோ சொந்தமாக முடியாது. மாமரத்துக்கு ஊற்றுகிற தண்ணீர், மரம் நம் நிலத்திலேயே நின்று காய்க்க வேண்டும் என்று ஊற்றுவது. பிள்ளைக்குப் போடுகிற சோறு, அது தன் காலில் நடந்து போக வேண்டும் என்று போடுவது. இரண்டும் உழைப்புதான், ஆனால் ஒன்று போலப் பலன் தருபவை அல்ல.

இதற்கு மேல்நாட்டுக்காரர்களைத்தான் கேட்க வேண்டும் என்றில்லை. இன்றைய தர்மபுரியான தகடூரில் நடந்த போரைப் பாடியவராகச் சொல்லப்படும் பொன்முடியார் நம் மண்ணோடு தொடர்புள்ளவர். "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே, சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே" என்ற அவருடைய புறநானூற்று அடிகளை மேடைதோறும் கேட்டிருப்பீர்கள். அதில் கடன் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கவனியுங்கள். பெறுவது தாயின் கடன், சான்றோனாக்குவது தந்தையின் கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன். மகனுக்கும் ஒரு கடன் சொல்லப்படுகிறது, அது போர்க்களத்தில் களிறு எறிந்து மீள்வது. பெற்றவர்களுக்கு அடங்கி நடப்பது என்று அந்தப் பாட்டில் இல்லை. "வளர்த்த கடன்" என்ற சொல்லை இன்று நாம் திசை மாற்றி வைத்திருக்கிறோம்.

குறளையும் இப்படித்தான் பாதியில் நிறுத்துகிறோம். "தம்பொருள் என்பதம் மக்கள்" என்பதைப் பிள்ளைகள் நம் சொத்து என்பதற்குச் சான்றாகச் சொல்கிறவர்கள் உண்டு. அடுத்து வருவது "அவர்பொருள் தம்தம் வினையான் வரும்". இதற்கு உரைகாரர்கள் ஒரே பொருள் சொல்வதில்லை. அவரவர் பொருள் அவரவர் செயலால் வரும் என்று நேராகப் படித்தால் வேலைக்குப் போக நினைக்கிற பெண்ணுக்குச் சாதகமாகவே அது நிற்கிறது.

இப்போது தோப்புக்கு வருகிறேன். உங்கள் அப்பா உழைத்தார், சந்தேகமில்லை. மாங்கன்று நட்டு முதல் காய் பார்க்க நாலைந்து ஆண்டு பிடிக்கும். கோடையில் ஒவ்வொரு கன்றுக்கும் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினால்தான் பிழைக்கும். அந்தக் குடத்தைச் சுமந்தது யார்? எங்கள் பக்கத்தில் அதைப் பெண்கள்தான் சுமந்தார்கள். களை எடுத்தவர்கள் கூலிக்கு வந்த பெண்கள். லாக் இந்த இடத்தில் வழுக்குகிறார். "என் குதிரை தின்ற புல், என் வேலைக்காரன் வெட்டியெடுத்த புல்மண் கட்டி, நான் தோண்டிய தாது எல்லாம் என்னுடையவை" என்று ஒரே வரிசையில் எழுதிவிடுகிறார். வேலைக்காரனின் உழைப்பு எஜமானின் உடைமையாக எப்படி மாறியது என்பதற்கு விளக்கமே இல்லை. அடிமை வணிகம் செய்த கம்பெனியில் அவர் பங்கு வைத்திருந்தவர் என்பதையும் மறக்கக் கூடாது. உழைப்பே உரிமை என்று உங்கள் அப்பா வாதாடினால், முதலில் அம்மாவின் பங்கை எண்ணச் சொல்லுங்கள்.

அந்தப் பட்டாவில் அப்பா பெயர் மட்டும் வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு, அதுவும் நம் ஊர் வரலாறு. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அதில் அடக்கம். அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரி நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ 1799 வரை இங்கேயே இருந்தார். நிலத்தை அளந்து, இடையில் ஜமீன்தார் இல்லாமல் சாகுபடி செய்கிறவனோடு நேராக வரிக்கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. 1820இல் மன்றோ சென்னை ஆளுநரான பிறகு அது மாகாண முறையாயிற்று. ஜமீன்தாரி முறையோடு ஒப்பிட்டால் உழவனுக்கு அது பெரிய விடிவு, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வரி வசூலிக்க அரசுக்குக் குடும்பத்தில் ஒரு பெயர் தேவைப்பட்டது, பெரும்பாலும் அது வீட்டு ஆண்மகனின் பெயராக அமைந்தது. உடைமை இயற்கையில் பிறப்பதில்லை, மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாட்டில் பிறக்கிறது என்று ஸ்காட்லாந்துச் சிந்தனையாளர் டேவிட் ஹியூம் சொன்னது எனக்குப் பட்டா, சிட்டா, அடங்கலைப் பார்த்த பிறகுதான் முழுதாக விளங்கியது.

எல்லாவற்றையும்விட உங்களுக்குத் தேவையான இடம் இரண்டாம் ஆய்வுரையின் 72, 73ஆம் பிரிவுகளில் வருகிறது. தேர்வுக்குப் படிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுகிற பக்கம் அது. பிள்ளை வளர்ந்ததும் தகப்பனின் கட்டளை அதிகாரம் முடிந்தது என்று நிறுவிவிட்டு லாக் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறார். தகப்பனிடம் இன்னொரு பிடி இருக்கிறது, தன்னை மகிழ்விக்கிற பிள்ளைக்குச் சொத்தைக் கொடுக்கிற அதிகாரம் அது. பிள்ளையின் கீழ்ப்படிதலுக்கு அது சிறிய கட்டு அல்ல என்கிறார். ஆனால் அது தகப்பன் என்பதால் வருகிற அதிகாரம் இல்லை. கையில் கொடுக்க ஏதாவது வைத்திருக்கிற எவருக்கும் உள்ள அதிகாரம். சொத்து வேண்டும் என்றால் நிபந்தனைக்கு உட்படு, வேண்டாம் என்றால் உன் வழியில் போ. நிலம் இல்லாத தகப்பனும் தகப்பன்தான். உங்கள் அப்பா தோப்பைக் காட்டிப் பேசுகிற நேரத்தில் தகப்பனாகப் பேசவில்லை, நிலத்துக்காரராகப் பேசுகிறார். நிலத்துக்காரரிடம் பேரம் பேசலாம், மறுக்கலாம். அது அப்பாவை அவமதிப்பது ஆகாது. பெற்றோருக்கு மரியாதை வாழ்நாள் முழுதும் உண்டு, கட்டளை அதிகாரம் மட்டுமே காலாவதியாகிறது என்று லாக்கே பிரித்துச் சொல்கிறார்.

இந்தக் கட்டு எப்படி வேலை செய்யும் என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். பாலக்கோடு பக்கத்தில் எங்கள் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நான்கு ஏக்கர் இருந்தது. கேழ்வரகும் நிலக்கடலையும் விளையும், வரப்பில் நான்கு புளியமரங்கள். உயில் எழுதாமல் 1995இல் இறந்தார். வாரிசுகள் நான்கு பேர்: அம்மா, அக்கா, நான், தம்பி. சட்டப்படி ஆளுக்கு ஒரு ஏக்கர். அடுத்த ஆண்டு அக்காவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தன் பங்கை எனக்கும் தம்பிக்கும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பதிவேட்டில் இடது கட்டைவிரலை உருட்டி எடுத்தார்கள். மையைத் துடைக்க அங்கே துணி இல்லை, வாசல் தூணில் இடுப்பு உயரத்துக்குப் பல நூறு விரல்கள் தேய்த்த கறுப்பு படிந்திருந்தது. அக்கா தூணில் தேய்க்கவில்லை. புதுச் சேலையின் முந்தானையை உள்பக்கமாகத் திருப்பி விரலைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சேலை நாங்கள் எடுத்துக் கொடுத்தது. ஒரு ஏக்கருக்குப் பதிலாக அவளுக்குக் கிடைத்தது அந்தச் சேலையும் அன்று மதியச் சாப்பாடும்தான்.

அந்த ஆவணத்துக்கு நம் பதிவுத்துறையில் பெயர் விடுதலைப் பத்திரம். சுதந்திரத்துக்குத் தமிழில் நாம் வைத்திருக்கிற மிக உயர்ந்த சொல்லைக் கொண்டு ஒரு பெண் தன் பங்கை விடுவதைக் குறிக்கிறோம். அன்று பன்னிரண்டு ஆண்டாகச் சுதந்திரத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு அந்தத் தலைப்பு கண்ணில் படவில்லை. பின்னொரு நாள் ஏன் ஒப்புக்கொண்டாய் என்று கேட்டேன். "நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டாமா?" என்றாள். லாக் சொன்ன அந்தக் கட்டு அப்பாவோடு முடியாமல் தம்பிமார் கைக்கும் வந்துவிடுகிறது என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. 2021இல் என்னிடம் வந்த அரை ஏக்கரை அக்கா பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். 25 ஆண்டு விளைச்சலைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

உங்கள் தோப்பின் சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அப்பா தன் பணத்தில் வாங்கிய ஒரு ஏக்கரை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், தடுக்க முடியாது. தாத்தா வழி வந்த இரண்டு ஏக்கர்தான் கேள்வி. நம் பகுதிக்குப் பொருந்தும் மிதாட்சரா என்ற இந்து வாரிசுரிமை முறையில், பூர்வீகக் கூட்டுச் சொத்தில் பிள்ளைக்குப் பிறப்பிலேயே உரிமை. வங்காளத்தின் தாயபாகம் அப்படியல்ல, அங்கே தகப்பன் இறந்த பிறகே உரிமை. பிறப்பாலேயே பங்கு என்ற மிதாட்சரா கருத்து, தகப்பன் கையிலிருந்து அந்தக் கட்டை அறுக்கக்கூடியது. ஆனால் நூற்றாண்டுகளாக அது மகன்களுக்கு மட்டும் அறுத்தது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அன்று திருமணமாகாமல் இருந்த மகள்களுக்கும் அந்தப் பிறப்புரிமையைக் கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுதும் எல்லா மகள்களுக்கும் வந்தது. அந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது.

ஆனால் தாத்தா சொத்து எல்லாமே பூர்வீகச் சொத்து என்று பலர் நினைப்பது தவறு. தாத்தா தானாகச் சம்பாதித்த நிலம், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அவர் உயிலின்றி இறந்ததால் உங்கள் அப்பாவுக்கு வாரிசுரிமையாக வந்திருந்தால், அது அப்பாவின் தனிச் சொத்து என்று 1986லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படியானால் மூன்று ஏக்கரும் அவர் விருப்பம்தான். அதற்குத் தயாராக இருந்துகொள்ளுங்கள்.

உங்கள் சுதந்திரத்துக்கு இந்தத் தோப்புக் கணக்கு எதுவும் தேவையில்லை. பதினெட்டு வயது நிறைந்தவர் எங்கே வாழ்வது, என்ன வேலை செய்வது, யாரை மணப்பது என்பது அவர் முடிவு. 2018இல் கேரளப் பெண் ஒருவரின் வழக்கில், வயது வந்த மகளின் திருமணத்தைத் தகப்பனின் கவலையைக் காரணம் காட்டி உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை உச்ச நீதிமன்றம் மாற்றியது. ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் எழுதினார்: பிள்ளைகள் தகப்பனின் உடம்பில் ஒரு பாகம் என்று உருவகமாக இல்லாமல் உண்மையாகவே நம்புகிறார்களோ என்று தோன்றுமளவுக்கு, அவன் அதிகாரத்தில் சட்டம் சிறிது தலையிட்டாலும் ஜனங்கள் கொதிக்கிறார்கள் என்று. அதே மில், கிழக்கிந்தியக் கம்பெனியில் 35 ஆண்டு வேலை பார்த்தவர், நம்மைப் போன்ற மக்களைச் சுதந்திரத்துக்கு இன்னும் வயது வராத பிள்ளைகளாகக் கருதினார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். "உன் நன்மைக்காக" என்று சொல்லி யாரும் யாரையும் பிள்ளையாக்கிவிட முடியும்.

தர்மபுரி மாவட்டத்தில் அந்தத் தகப்பன் அதிகாரத்தை ஊரும் சாதியும் எடுத்துக்கொண்டதையும் பார்த்துவிட்டோம். ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை ஒட்டி, பெண்ணின் தந்தை உயிரிழந்த பிறகு, 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. வயது வந்த இருவர் எடுத்த முடிவுக்கு, அதில் எந்தப் பங்கும் இல்லாத குடும்பங்களின் உடைமை எரிந்தது. மகள் தகப்பனின் பொருள் என்ற எண்ணம் வீட்டுக்குள் நிற்காது, ஊர்ச்சொத்து என்ற எண்ணமாக வளரும் என்று அன்றிலிருந்து நான் அஞ்சுகிறேன்.

வேறு விதமாக நடந்துகொண்ட தகப்பனும் இந்த மண்ணில் பிறந்திருக்கிறார். ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, தனியுடைமையைக் காக்க 1959இல் சுதந்திராக் கட்சியையே தொடங்கியவர். அவர் மகள் லட்சுமியும் காந்தியின் மகன் தேவதாஸும் விரும்பினார்கள். சாதி வேறு, மகளுக்கு வயது மிகவும் குறைவு. இரு தகப்பன்மாரும் ஐந்தாண்டு பிரிந்து காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தார்கள், மனம் மாறவில்லை, 1933இல் புனேயில் திருமணம் நடந்தது. காத்திரு என்று சொல்லும் அதிகாரம் சிறு வயதுப் பெண்ணின் தகப்பனுக்கு இருந்தது, அவர் அதைப் பயன்படுத்தினார். காலம் முடிந்ததும் வழிவிட்டார். ராஜாஜியின் அரசியலில் எனக்கு உடன்பாடில்லாதவை நிறைய உண்டு. இதில் அவர் செய்தது சரி.

கடைசியாக, உங்கள் அப்பாவின் பக்கம். அவர் பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். மகள் பெங்களூர் போய்விட்டால் முதுமையில் யார் என்ற பயம். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்காரவைக்கப்பட்ட பெரியவர்களை ஊருக்கு ஊர் அவர் பார்த்திருப்பார். அவருடைய சுதந்திரமும் சுதந்திரம்தான், அந்தத் தோப்பு அதற்கு அவர் போட்டிருக்கிற வேலி. 2007ஆம் ஆண்டுப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனை பத்திரத்திலேயே தெளிவாக இருப்பது நல்லது. இதை நீங்களே அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள், தம்பியோ அண்ணனோ இருந்தால் அவர்கள் எதிரில் சொல்லுங்கள். பெங்களூர் வேலையை அதோடு சேர்க்காதீர்கள். அதற்கு அனுமதி கேட்கத் தேவையில்லை, போகும் நாளைச் சொல்லிவிட்டுப் போனால் போதும். விடுதலைப் பத்திரம் என்று எதை நீட்டினாலும், வரி வரியாகப் படிக்காமல் விரல் வைக்காதீர்கள்.

பீரோவில் மூலப்பத்திரம் இருக்கும், இல்லையென்றால் வில்லங்கச் சான்று எடுங்கள். தாத்தா எந்த ஆண்டு இறந்தார், அந்த இரண்டு ஏக்கர் அவருக்கு எப்படி வந்தது, 2005 சட்ட மாற்றம் தொடாத, 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்த பாகப்பிரிவினை ஏதாவது உண்டா என்று பார்த்து எழுதுங்கள். மீதியை அதைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.